சண்டை புரியணும், பேய் மறையணும்: சமீபத்திய ஆக்‌ஷன், ஹாரர் படங்கள்

அடையாறு ஆந்தை:

ரெண்டு மூணு வருஷமா வந்த ஆக்‌ஷன், ஹாரர் படங்களைப் பத்திப் பேசத்தான் இந்த இழை. "செம மாஸ்", "மரண மொக்கை"ன்னு ஒரு வரியில முடிக்காம, எந்தக் காட்சி ஏன் எடுபட்டுது, எது எங்க சறுக்குச்சுன்னு எழுதினா எல்லாருக்கும் உபயோகமா இருக்கும். முதல்ல என் கருத்து.

ரெண்டு வகைப் படத்துக்கும் உயிர்நாடி இடம்தான். யார் எங்க நிக்கிறாங்க, கதவு எந்தப் பக்கம், கத்தி வச்சிருக்கறவன் எவ்வளவு தூரத்துல இருக்கான்னு பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சாதான் சண்டையில பதற்றம் வரும். ஹாரர்லயும் அப்படித்தான். வீட்டோட அமைப்பு மனசுல ஏறின பிறகுதான், "அந்த ஒரு மூலையை மட்டும் காட்டவே இல்லையே"ன்னு வயிறு கலங்கும்.

'ஜான் விக் 4' (2023) பாரிஸ் வீட்டுச் சண்டையை எடுத்துக்குங்க. கேமரா தலைக்கு மேல போயிடுது. கூரையே இல்லாம எல்லா அறையும் நமக்குத் தெரியுது. அடுத்த அறையில யார் பதுங்கி இருக்கான்னு கீழ இருக்கற நாயகன் கியானு ரீவ்ஸுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கையில நெருப்பைக் கக்குற தோட்டா போட்ட துப்பாக்கி. வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் நெருப்பு எந்தத் திசையில, எந்தச் சுவரைத் தாண்டிப் போகுதுன்னு தெளிவா தெரியுது. இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி 'மேட்ரிக்ஸ்' (1999) படத்துல கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அடி வாங்கத் தெரிஞ்சவருக்குக் கேமராவை எங்க வைக்கணும்னும் தெரிஞ்சிருக்கு.

இந்தியில 'கில்' படமும் அப்படித்தான். 2024ல தியேட்டருக்கு வந்துச்சு. மொத்தச் சண்டையும் டெல்லி போற ரயில் பெட்டிக்குள்ள. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நிக்க முடியாத நடைபாதை, அதனால எத்தனை பேர் வந்தாலும் ஒருத்தன் பின்னால ஒருத்தனாதான் வரணும். கையை ஓங்க இடம் இல்லை, குத்து எல்லாம் இடுப்புக்குக் கிட்டத்துல இருந்தே கிளம்புது. படத்தோட பேரே முக்கால் மணி நேரம் கழிச்சுதான் திரையில வருது. அதுவரைக்கும் நாயகன் ஆளை அடிச்சுப் போடுறான், அப்புறம்தான் கொல்றான். இந்த மாற்றம் சண்டை அமைப்புலயே தெரியுது.

நம்ம பக்கம் வந்தா, பெரிய பட்ஜெட் படங்கள்ல வர்ற அறிமுகச் சண்டைதான் எனக்குப் பெரிய குறை. நாப்பது பேர் வட்டம் கட்டி நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரா வந்து விழுறாங்க. எந்த இடத்துல நடக்குதுன்னே பதியலை. 'கைதி' (2019) லாரியைச் சுத்தி ஒரே ராத்திரியில நடந்த சண்டைகள்ல இந்தப் பிரச்சினை இல்லையே?

கத்தரிப்பான்:

எடிட்டிங் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு குத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கை கிளம்புவது, படுவது, எதிராளி நிலைகுலைவது. மூன்றும் ஒரே ஷாட்டில் இருந்தால் அடி நம் மேலேயே விழுந்தது போல இருக்கும். இப்போது பல படங்களில் கை கிளம்புவது ஒரு கோணம், அடி படும் இடத்திலேயே வெட்டு, விழுவது இன்னொரு கோணம். புதுக் கோணத்தில் எங்கே பார்ப்பது என்று கண் தேடுவதற்குள் சில ஃப்ரேம்கள் போய்விடும். அடி அந்தச் சில ஃப்ரேம்களில்தான் இருக்கிறது. அதனால்தான் சத்தம் கேட்கிறது, ஆனால் எதையும் பார்த்த மாதிரி இல்லை.

ஹாங்காங் படங்களின் பழைய வழி இதற்கு நல்ல மருந்து. அடி படுவதை அகலமான ஷாட்டில் முழுசாகக் காட்டுவார்கள். பிறகு நெருக்கமான ஷாட்டுக்கு மாறும்போது கடைசி 3 அல்லது 4 ஃப்ரேம் அசைவை மறுபடியும் ஓட விடுவார்கள். கணக்குப்படி அடி இரண்டு முறை விழுகிறது. கண்ணுக்கு அது ஒரே பலமான அடி.

வேகமான வெட்டு என்பதே குற்றம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 வெட்டுகள் கொண்டது. எங்கும் குழப்பம் இல்லை. பார்க்க வேண்டிய பொருளை ஷாட்டுக்கு ஷாட் ஃப்ரேமின் நடுவிலேயே வைத்தார் ஜார்ஜ் மில்லர். கண் அலைய வேண்டியதே இல்லை.

வேகம் கூட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. நொடிக்கு 22 ஃப்ரேமில் எடுத்து, வழக்கமான 24ல் ஓட்டினால் 9 சதவீதம் வேகம் கூடும், யாரும் கண்டுபிடிக்க முடியாது. 18ல் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்போது நடிகரைப் பார்க்காதீர்கள். தோளில் கிடக்கும் துண்டையும், கிளம்பும் புழுதியையும் பாருங்கள். அவை கீழே இறங்கும் வேகமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஏர்பேக்:

ஆந்தை, வட்டம் கட்டி நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நாயகனோட கால்ஷீட்ல சண்டைக்குக் கிடைக்கிற நாள் கம்மி. வட்டமா நிறுத்தினா லைட்டிங்கை மாத்தாமலே எந்தப் பக்கம் திரும்பியும் எடுத்துக்கலாம். ஒவ்வொரு ஃபைட்டருக்கும் ரெண்டு மூணு அசைவுதான். நாயகன் ஒத்திகைக்கே வரலைன்னாலும் ஒப்பேத்திடலாம். 'ரெய்டு' (2011) மாதிரி படத்துல நடிகர் இக்கோ உவைஸே சிலாட்ங்கிற இந்தோனேசியத் தற்காப்புக் கலை கத்தவர், சண்டையையும் அவரே கூட இருந்து அமைச்சாரு. அதனால அங்க பத்து அசைவு ஒரே ஷாட்ல போகும்.

ரோப் வேலை, அதாவது அடி வாங்கினவரைக் கயிறு கட்டி இழுத்துப் பறக்க விடுறது, சரியா இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். முகத்துல குத்து விழுந்தா முதல்ல தலை திரும்பணும், அப்புறம் தோள், கடைசியா இடுப்பு. ரோப்ல இழுக்கும்போது கொக்கி இருக்கறது இடுப்பு பெல்ட்லயோ முதுகுலயோ. அதனால இடுப்பு முதல்ல பின்னால போகும், தலையும் காலும் முன்னால தொங்கிக்கிட்டே போகும். அடி முகத்துல, ஆனா பறக்கிறது இடுப்பு! நல்ல ஃபைட்டர்னா இழுப்பு வர்றதுக்கு ஒரு கணம் முன்னாடியே தலையைத் திருப்பிடுவாரு. இழுக்கிறவங்களும் கை படுறதுக்கு முன்னால இழுத்துடக் கூடாது. நிறைய படத்துல குத்து படுறதுக்கு முன்னாடியே ஆள் கிளம்பிடுறாரு.

துப்பாக்கிச் சண்டையில பார்க்க வேண்டியது வெளிச்சம். 2021ல அமெரிக்காவுல 'ரஸ்ட்' படப்பிடிப்புல ஒளிப்பதிவாளர் சுடப்பட்டு இறந்த பிறகு, நிறைய பேர் நிஜத் துப்பாக்கியையே செட்டுக்குள்ள விடுறதில்லை. நியாயமான முடிவு. ஆனா சுடும்போது வர்ற நெருப்புப் பொறியை சிஜியில (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) போடும்போது அந்த வெளிச்சம் சுடுறவர் முகத்துலயும் பக்கத்துச் சுவர்லயும் விழணும். விழலைன்னா பொம்மைத் துப்பாக்கி மாதிரி ஆயிடும். ரத்தமும் அப்படித்தான். நிஜ ஸ்க்விப் (சட்டைக்குள்ள வச்சு வெடிக்கிற ரத்தப் பை) வச்சா சட்டை கெட்டுப் போகும், ஒவ்வொரு டேக்குக்கும் புதுச் சட்டை வேணும், மறுபடி தயார் பண்ண நேரம் ஆகும். அதனால சிஜி ரத்தம் போட்டுடறாங்க. அடுத்த ஷாட்ல தரையைப் பாருங்க, சுத்தமா இருந்தா அது சிஜி.

'த ஃபால் கை' (2024) படத்துக்காக ஒரு காரை எட்டரை சுத்து உருட்டினாங்க, கின்னஸ் சாதனை. காருக்கு அடியில அழுத்தம் ஏத்தின ஒரு குழாய் இருக்கும், அது தரையை நோக்கி வெடிச்சுத் தள்ளும். கார் தானா உருளாது. வேகம், தரை எவ்வளவு இறுகி இருக்கு, ஸ்டியரிங் எந்தக் கோணத்துல இருக்கு, மூணும் சேரணும். தரை பொதபொதன்னு இருந்தா ஒரு சுத்துல மூக்கு குத்தி நின்னுடும். 2025 ஜூலையில நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்புல கார் ஸ்டண்ட் பண்ணும்போது நம்ம கலைஞர் ஒருத்தர் இறந்தாரு. ஆஸ்கர்ல ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது, 2027ல வர்ற படங்களுக்கு 2028 விழாவுலதான் முதன்முதலா தரப் போறாங்க. நூறாவது விழா வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்திருக்கு.

நெல்லை செல்வி:

ஆக்‌ஷன் பத்தி ஆந்தை சொன்னது சரி. ஹாரர்ல எனக்கு உடன்பாடு பாதிதான். இடம் மட்டும் போதாது, விதியும் தெரியணும். அந்தப் பேய் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு ஒரு எல்லை இருந்தாதான் நாம முன்கூட்டியே பயப்பட முடியும்.

'டாக் டு மீ' (2023) ஆஸ்திரேலியப் படம் இதுக்கு நல்ல உதாரணம். ஆவியைக் கூப்பிட மெழுகுவர்த்தி ஏத்தணும், பதப்படுத்தி வச்ச ஒரு கையைப் பிடிக்கணும், ரெண்டு வாக்கியம் சொல்லணும், 90 வினாடிக்குள்ள கையை விடணும். படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துலயே விதி மொத்தமும் சொல்லியாச்சு. அப்புறம் ஒரு காட்சியில 90 தாண்டும்போது பின்னணி இசையே தேவைப்படலை, பார்க்கிறவங்களே எண்ண ஆரம்பிச்சுடறாங்க.

'டிமான்ட்டி காலனி' முதல் பாகத்தையும் (2015) ரெண்டாம் பாகத்தையும் (2024) பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் பாகத்தோட பலமே நாலு பேரு, ஒரு அறை, வெளிய போக முடியாது. ரெண்டாம் பாகத்துல இரட்டையர், புத்தகம், பழைய சாபம்னு விதி கூடிக்கிட்டே போகுது. ஒவ்வொண்ணையும் யாராவது விளக்க வேண்டி இருக்கு. தயாரிப்புத் தரம் நல்லாவே உயர்ந்திருக்கு, எடுத்த விதத்துல குறை சொல்ல முடியாது. ஆனா விளக்கம் கேட்டுக்கிட்டு இருக்கும்போது யாருக்கும் பயம் வராது.

நான் தலைக்கு மேல தூக்கி வைக்கிறது 'பிரமயுகம்' (2024). கறுப்பு வெள்ளை, இடிஞ்சு போன ஒரு பெரிய வீடு, கிட்டத்தட்ட மூணே பேர். மம்மூட்டி நடிச்ச கொடுமண் போத்தி பாய்ந்து வந்து பயமுறுத்துறதே இல்லை. சோறு போடுறாரு, பாடச் சொல்லிக் கேட்கிறாரு, தாயம் உருட்டக் கூப்பிடுறாரு. தோத்தா உன் காலத்தை எனக்குக் கொடுக்கணும்ங்கிறதுதான் பந்தயம். பாணனா வர்ற அர்ஜுன் அசோகன் காயை உருட்டுற காட்சியில பேய்னு ஒண்ணும் இல்லை, ஒரு கிழவரும் சின்னப் பையனும் எதிரெதிரா உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். ஆனா வீட்டை விட்டு வெளிய போற வழி அந்த நிமிஷத்தோட அடைஞ்சு போகுது. ராகுல் சதாசிவன் இதுக்கு முன்ன எடுத்த 'பூதகாலம்' (2022) பார்க்காதவங்க பாருங்க. ஒரு அம்மா, ஒரு மகன், ஒரு வாடகை வீடு. பேய் இருக்கா, இல்லை மனநோயாங்கிற சந்தேகத்தைக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கிறாரு.

'அரண்மனை 4' (2024) பத்திக் கேட்பீங்க. அது குடும்பத்தோட சிரிச்சுப் பார்க்கிற வேற வகை. அந்த அளவுல அது தன் வேலையைச் சரியா செய்யுது.

அடையாறு ஆந்தை:

செல்வி, விதி பத்தி நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். ஆனா 'வெப்பன்ஸ்' (2025)? ஒரே வகுப்புப் பிள்ளைங்க 17 பேர் ராத்திரி 2:17க்கு வீட்டை விட்டு ஓடிடறாங்க. விதி எதுவும் ரொம்ப நேரம் தெரியாது. இருந்தும் பிடிச்சு உக்கார வைக்குதே?

நெல்லை செல்வி:

அங்க விதிக்குப் பதிலா கேள்வி இருக்கு, அதுவும் துல்லியமான கேள்வி. எத்தனை பேர், எத்தனை மணி, எந்த வகுப்புன்னு எண்ணோட சொல்லிடறாங்க. ஒவ்வொரு பாத்திரத்தோட பார்வையிலயும் அதே நாட்களை மறுபடி ஓட்டும்போது, ஏற்கெனவே பார்த்த இடத்தையே வேற பக்கத்துல இருந்து பார்க்கிறோம். உங்க இட வாதத்துக்கு அது சாதகம்தான்.

ஒலித்தடம்:

பேசாமல் விட்ட பாதி, ஒலி. திடுக்கிட வைக்கும் காட்சிகள் இப்போது ஏன் எடுபடவில்லை என்றால், அதற்கு முந்தைய நிசப்தமே மணி அடித்து எச்சரிக்கிறது. பாத்திரம் கதவை நோக்கி நடக்கும்போது இசை நின்று, அறையின் இயல்பான இரைச்சலும் நின்றுவிட்டால், ரசிகர் காதைப் பொத்தத் தயாராகிவிடுவார். நன்றாகச் செய்பவர்கள் மின்விசிறி, தவளை, மழை என்று ஏதாவது ஒன்றை மெல்ல ஓடவிட்டு, அதிர்ச்சியைச் சற்று முன்னாலோ பின்னாலோ தள்ளி வைப்பார்கள். அல்லது பழைய 'கேட் பீப்பிள்' (1942) செய்தது போல, பேய் வரும் என்று எதிர்பார்க்கும் நொடியில் பேருந்தை நிறுத்துவார்கள்.

"காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியால் பயமுறுத்துகிறார்கள்" என்ற பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தியேட்டர் சப்வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) 25, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் தராது. நீங்கள் நெஞ்சில் உணர்வது 30 முதல் 60 வரை உள்ள ஒலி.

பெரிய பிரச்சினை தியேட்டரின் ஒலியளவு. தியேட்டர் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி ப்ராசஸரில் 7 என்பதுதான் படத்தின் ஒலியைக் கலந்து முடித்த கூடத்தோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது முன் சேனல் ஒவ்வொன்றும் 85 டெசிபல். 4க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 3.3 டெசிபல். யாரோ புகார் செய்தார்கள் என்று 5ல் ஓட்டினால் 6.6 டெசிபல் குறைந்துவிடும். உரத்த இடங்கள் அப்போதும் உரக்கத்தான் இருக்கும். மெல்லிய மூச்சும் பாதம் உரசுவதும் ஏசி இரைச்சலுக்குக் கீழே போய்விடும். ஹாரர் படத்துக்கு அந்த மூச்சுதான் மூலதனம். பெரிய நாயகன் படத்தின் முதல் நாள் இதற்கு நேர் எதிர். ஏற்றி வைப்பதால் ஸ்பீக்கர் கரகரத்து வசனமே புரியாது.

ஆபரேட்டர் ரூம்:

வெளிச்சத்தைப் பத்தி நான் சொல்றேன். டிஜிட்டல் தியேட்டர் திரையில இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட், இன்னொரு அலகுல சொன்னா 48 நிட்ஸ். ப்ரொஜெக்டர்ல இருக்கிற செனான் லேம்பு, ஓடின மணிக்கணக்கு ஏற ஏற மங்கும். மாத்த வேண்டிய மணி தாண்டியும் ஓட்டினா சாதாரணக் குடும்பப் படத்துல யாருக்கும் தெரியாது. 'நோஸ்ஃபெராட்டு' (2024) மாதிரி மெழுகுவர்த்தி வெளிச்சத்துல போற படத்துல பாதி ஃப்ரேம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, 3டி ஃபில்டரைக் கழட்டாம 2டி படம் ஓட்டுறது. பாதிக்கு மேல வெளிச்சம் போயிடும். ஒரே ப்ரொஜெக்டர் வச்சிருக்கிற அரங்குல, ப்ரொஜெக்டர் அறை ஜன்னல்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு ஒளிக்கற்றை தெரிஞ்சா அது சில பழைய சோனி மெஷின்ல 3டி லென்ஸ் மாட்டியே இருக்குன்னு அர்த்தம். அந்த நிமிஷமே வெளிய போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க, சரி பண்ணிடுவாங்க. 3டிக்காக வெள்ளித் திரை போட்ட அரங்குல நடுவுல பளிச்சுன்னும் ஓரத்துல மங்கலாவும் தெரியும். அங்க ஓர சீட் வேண்டாம்.

சீட் எதுன்னு கேட்டா: அகலத்துல நடு, திரையில இருந்து அரங்கு நீளத்துல மூணுல ரெண்டு பங்கு தூரம். ஒலியை அளந்து சரி பண்றதும் அந்தப் பகுதியிலதான். கடைசி வரிசையில பின் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்துல வந்து, முன்னால கேட்க வேண்டியதை அமுக்கிடும்.

கத்தரிப்பான்:

இடைவேளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஹாரரில் இடைவேளைக்கென்று எழுதிய இடம் கிடையாது. பதற்றம் ஏறிக்கொண்டிருக்கும்போது தியேட்டர்காரர் நடுவில் நிறுத்தினால், விளக்கு எரிந்து பாப்கார்ன் வாங்கித் திரும்பி வரும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். அஸ்வின் சரவணன் 'கனெக்ட்' (2022) படத்தை 99 நிமிடத்துக்கு இடைவேளை இல்லாமலே கொண்டுவந்தார். சரியான முடிவு. நம் ஹாரர் எழுத்தாளர்கள் 100 நிமிடத்துக்குள் எழுதத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாலைக்காட்சி:

கூட்டம் பிடிக்காம ஓடிடியில பார்க்கிறவங்களுக்கு ஏதாவது யோசனை உண்டா? '28 இயர்ஸ் லேட்டர்' (2025) டிவியில பார்த்தா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை ரொம்பப் பெருசா இருக்கு. செட்டிங் தப்பா?

ஆபரேட்டர் ரூம்:

செட்டிங் தப்பு இல்லை. அந்தப் படத்தோட விகிதமே 2.76:1, அதாவது உயரத்தைப் போல 2.76 மடங்கு அகலம். பெரும்பகுதியை ஐஃபோன் 15 ப்ரோ மேக்ஸ்ல லென்ஸ் மாட்டி எடுத்தாங்க. 'சின்னர்ஸ்' (2025) படமும் பல இடத்துல 2.76, ஐமேக்ஸ் காட்சிகள் திரையில உயரமா விரியும். டிவியில "ஜூம்" போட்டுப் பட்டையை மறைக்காதீங்க, ரெண்டு ஓரமும் வெட்டுப்படும்.

முதல்ல பண்ண வேண்டியது மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்கிறது. எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோன்னு பேர் இருக்கும். அது நடுவுல இல்லாத ஃப்ரேமை உருவாக்கிச் சொருகுறதால சண்டை சீரியல் மாதிரி வழுக்கும். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தா அதைப் போட்டாலே இது அணைஞ்சுடும். அறை விளக்கை அணைச்சுட்டு, டிவிக்குப் பின்னால மங்கலா ஒரு விளக்கு வச்சா கண் வலிக்காது. இருட்டுக் காட்சியில படிப்படியா வளையம் தெரிஞ்சா அது படத்தோட குறை இல்லை, இணைய வேகம் குறைஞ்சு பிட்ரேட் (நொடிக்கு வர்ற தகவலோட அளவு) இறங்கியிருக்கு. ஆப்ல தரத்தை "ஆட்டோ"ல இருந்து உயர்ந்ததுக்கு மாத்திப் பாருங்க.

ஒலித்தடம்:

டிவியின் "நைட் மோட்" அல்லது "ஆட்டோ வால்யூம்" அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது மெல்லியதை ஏற்றி உரத்ததை இறக்கிச் சமப்படுத்திவிடும், திடுக்கிட ஒன்றும் மிஞ்சாது. சவுண்ட்பார் இருந்தால் எச்டிஎம்ஐ ஆர்க் போர்ட்டில் மாட்டி, டிவி ஒலி அமைப்பில் "பாஸ்த்ரூ" வையுங்கள். "பிசிஎம்" என்று இருந்தால் பல டிவிகளில் 5.1 ஒலி (ஆறு சேனல்) இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். வீட்டில் யாராவது தூங்குகிறார்கள் என்றால், ஒலியைக் குறைத்துப் பார்ப்பதைவிட நல்ல ஹெட்ஃபோன் மேல்.

மாலைக்காட்சி:

நன்றி. பதிமூணு, பதினாலு வயசுப் பசங்களோட தியேட்டர்ல பார்க்கலாமா?

நெல்லை செல்வி:

சான்றிதழைப் பார்த்துட்டு டிக்கெட் எடுங்க. 2024 நவம்பர்ல இருந்து யு/ஏவை 7+, 13+, 16+னு மூணா பிரிச்சுட்டாங்க. அது பெற்றோருக்கான வழிகாட்டுதல்தான், கூட்டிட்டுப் போறது உங்க முடிவு. ஏ சான்றிதழ்னா 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களைப் பெற்றோர் கூட இருந்தாலும் உள்ள விட முடியாது. ரஜினி படமான 'கூலி' (2025)க்கே ஏ கொடுத்தாங்க, டிக்கெட் எடுத்துட்டு வாசல்ல போய்ச் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. உங்க பசங்க வயசுக்கு முதல்ல வீட்டுல 'பூதகாலம்' போடுங்க. ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. ஆனா மனச்சோர்வு, குடின்னு கொஞ்சம் கனமான விஷயம் வரும், நீங்க ஒரு தடவை தனியா பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.